ஈர் ஒட்டியிருக்கும் இடம்

தலைப்பேனும் சீலைப்பேனும் ஒரே இனத்தின் இரு பிரிவுகள். ஆய்வகத்தில் ஒன்றாக வளர்த்தால் இரண்டும் கூடி இனம் பெருக்கும்; மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தாலும் பெரிய வேறுபாடு தென்படுவதில்லை. ஆனாலும் மனித வரலாற்றில் இவ்விரண்டின் பங்கு ஒன்றல்ல. தலைப்பேன் அரிப்பையும் அவமானத்தையும் தந்ததோடு சரி. சீலைப்பேனோ படைகளையும் சிறைகளையும் அகதி முகாம்களையும் காலி செய்திருக்கிறது. இத்தனைக்கும் வேர் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது. முதலாவது தன் முட்டையைத் தலைமுடியில் ஒட்டுகிறது. இரண்டாவது துணியின் தையல் மடிப்பில் ஒட்டுகிறது.

கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள் என்பதால், உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பேன் தொல்லை என்றால் என்னிடம்தான் வருவார்கள். "நல்ல மருந்தா ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வியாக இருக்கும். மருந்தில் தொடங்காதீர்கள், ஈரில் தொடங்குங்கள் என்று நான் சொல்லும்போது பலருக்கும் அது தட்டிக் கழிக்கும் பதிலாகத் தோன்றுகிறது. அது ஏன் அப்படி இல்லை என்பதை ஒரே இடத்தில் விரிவாக எழுதிவைக்கவே இந்தக் கட்டுரை.

ஈர் ஒட்டிய ஒரு முடியை வெட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் கூட நீளமில்லாத முட்டை, முடியோடு சற்றே சாய்ந்து ஒட்டியிருக்கும். அதன் அடிப்பகுதியிலிருந்து ஒரு பசை உறை முடியைச் சுற்றிலும் இறுகப் படர்ந்திருக்கும். தாய்ப்பேன் முட்டையிடும்போதே சுரந்து, நொடிகளில் இறுகிப்போகும் புரதப் பசை அது. பொடுகை ஊதினால் பறந்துவிடும், தட்டினால் உதிர்ந்துவிடும். ஈரை நகத்தால் பற்றி முடியின் நுனிவரை இழுத்தால்தான் கழலும். முட்டையின் மேல்முனையில் ஒரு மூடி இருக்கிறது. அந்த மூடியில் சிறு சிறு துளைகள் உண்டு. உள்ளே வளரும் உயிர் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. பொரிக்கும் நேரம் வந்ததும் குஞ்சு காற்றை விழுங்கிப் பின்புறமாக வெளியேற்றும். தனக்கும் முட்டையின் அடிப்பகுதிக்கும் இடையே இப்படிச் சேரும் காற்றின் அழுத்தத்தால் மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு அது வெளியே வருகிறது. மாணவிகளுக்கு நான் காட்டிய காட்சிகளில், அருவருப்போடு குனிந்தவர்களைக் கண் எடுக்காமல் பார்க்க வைத்தது இதுதான்.

தலைப்பேனின் முட்டை மண்டைத் தோலிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒட்டப்படுகிறது. தோலின் சூடு இல்லாமல் அது பொரிக்காது. ஏழு முதல் பத்து நாளில் குஞ்சு வெளிவந்து, மூன்று முறை தோலுரித்து, அடுத்த ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் முழுப்பேனாகிவிடுகிறது. வளர்ந்த பேன் ஒரு எள்ளின் அளவுதான்; 2 முதல் 3 மில்லிமீட்டர். ஒரு பெண் பேன் ஏறத்தாழ ஒரு மாதம் வாழ்ந்து, நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முட்டை வரை இடக்கூடும். அதற்கு இறகு கிடையாது. தாவுவதற்கேற்ற பின்னங்காலும் கிடையாது. ஆறு கால்களின் முனையிலும் இருக்கும் கொக்கி நகங்கள் ஒரு முடியின் பருமனுக்கு அளவெடுத்ததுபோல் அமைந்தவை. முடியைப் பற்றி வேகமாக ஊரும் அதே பேன், வழவழப்பான தரையில் விட்டால் தடுமாறும். தலையைவிட்டு விழுந்தால் ஓரிரு நாளில் பட்டினியிலும் வறட்சியிலும் செத்துப்போகும். ஆகவே அது பரவும் முதன்மை வழி, தலையோடு தலை படுவதுதான். ஒரே பாயில் உறங்கும் அக்கா தங்கைகள், ஒரே கைப்பேசியைக் குனிந்து பார்க்கும் தோழிகள், மடியில் தலைவைத்துப் படுக்கும் பிள்ளை என்று அன்பு நெருங்கும் இடங்களிலெல்லாம் பேனும் நெருங்குகிறது. அழுக்குத் தலை, சுத்தமான தலை என்று அது பார்ப்பதில்லை.

சீலைப்பேனின் கதை வேறு. மனிதன் எப்போது உடை உடுத்தத் தொடங்கினான் என்பதற்கு எலும்பும் கல்லும் தராத சான்றைப் பேனின் மரபணு தருகிறது. உடைகள் வந்த பிறகே சீலைப்பேனுக்கு வாழிடம் உண்டாகியிருக்கும் என்பதால், இரு பேன்களும் எப்போது பிரிந்தன என்று கணக்கிட்டால் உடையின் காலம் ஓரளவு தெரியும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பிரிவு குறைந்தது 83,000 ஆண்டுகளுக்கு முன்பும், ஒருவேளை 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பும் நிகழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பேன் துணியிலேயே குடியிருந்து, இரத்தம் குடிப்பதற்கு மட்டும் தோலுக்கு வந்து போகிறது. நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்திய மெல்லிய பருத்தியை உடுத்துகிறவர்களிடம் அதனால் குடியேற முடியாது. வாரக்கணக்கில் கழற்றாத கம்பளியும், மாற்றுத் துணி இல்லாத வறுமையும், நெருக்கியடித்து உறங்கும் குளிரும் சேரும் இடத்தில்தான் அது பெருகும். போர் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

அது பரப்பும் நோய்கள் மூன்று: டைபஸ் காய்ச்சல், பதுங்குகுழிக் காய்ச்சல், மீள்காய்ச்சல். (டைபஸ் வேறு, நம் ஊரில் அடிக்கடி கேள்விப்படும் டைபாய்டு வேறு.) டைபஸ் நோயாளியின் இரத்தத்தைக் குடித்த பேனின் குடலில் கிருமிகள் பெருகி, குடல் செல்களை வெடிக்கச் செய்கின்றன, குடித்த இரத்தம் உடலுக்குள் கசிந்து பேன் சிவந்து, சில நாளில் அதுவும் சாகிறது. கிருமி மனிதருக்குள் நுழைவது கடிவழியாக அல்ல. பேனின் எச்சத்தில் கிருமி இருக்கிறது. அரிக்கிறதே என்று சொறியும்போது தோலில் ஏற்படும் கீறல்வழி அது உள்ளே போகிறது. மீள்காய்ச்சலில் கிருமி பேனின் உடலுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். நகத்தில் வைத்து நசுக்கும்போதுதான் வெளிவந்து விரல்வழி தொற்றுகிறது. காய்ச்சலில் கொதிக்கும் உடலும், செத்துக் குளிர்ந்த உடலும் சீலைப்பேனுக்கு ஒவ்வாது. இரண்டையும் விட்டு நீங்கி, பக்கத்தில் படுத்திருப்பவரின் இதமான சூட்டை நாடி அது நகரும். முகாம்களில் கொள்ளைநோய் அத்தனை விரைவாகப் பரவியதற்கு இந்த இடப்பெயர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

1812-இல் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் மடிந்த வீரர்களின் கூட்டுப் புதைகுழி 2001-இல் வெளிப்பட்டது. அந்த மண்ணில் சீலைப்பேனின் எச்சங்கள் கிடைத்தன. பதுங்குகுழிக் காய்ச்சல், டைபஸ் ஆகிய இரண்டின் கிருமிகளுக்கும் மரபணுத் தடயங்கள் அங்கே இருந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நெப்போலியன் படை மடிந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1914 முடிவிலும் 1915 தொடக்கத்திலும், செர்பியாவில் டைபஸ் ஒன்றரை லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள்.

நோய்க்கும் பேனுக்கும் உள்ள தொடர்பு அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தெரியவந்திருந்தது. துனிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். டைபஸ் நோயாளிகள் வீட்டில் இருக்கும்வரை சுற்றியிருப்போருக்கு நோயைத் தந்தார்கள். மருத்துவமனை வாசலில் நோயாளியைக் கையாண்டவர்களுக்கும், அவரது துணியைத் துவைத்தவர்களுக்கும்கூட நோய் வந்தது. ஆனால் நோயாளியைக் குளிப்பாட்டி, மருத்துவமனை உடையை உடுத்திக் கட்டிலில் கிடத்திய பிறகு பக்கத்துக் கட்டிலுக்கு நோய் பரவவில்லை. அப்படியென்றால் நோயைக் கடத்தும் ஏதோ ஒன்று வாசலிலேயே துணியோடு கழற்றப்பட்டுவிடுகிறது. 1909-இல் குரங்குகளின் மீது செய்த சோதனைகளால் அந்த ஏதோ ஒன்று சீலைப்பேன்தான் என்று அவர் நிறுவினார். 1928-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே நோயை ஆராய்ந்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910-இல் மெக்சிகோவிலும், ஸ்டானிஸ்லாஸ் பிரவாசெக் 1915-இல் ஜெர்மனியிலும் அதே நோய்க்கு இரையானார்கள். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் கிருமிக்கு ரிக்கெட்சியா பிரவாசெக்கி என்று பெயர் வைக்கப்பட்டது.

துணியை மாற்றினால் பேன் போகும் என்பதை நம் முன்னோரும் கண்டிருக்கிறார்கள். பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் வந்து சேரும் பொருநன் தன் பழைய கந்தலை விவரிக்கிறான்: ஈரும் பேனும் குடியிருந்த துணி அது, வியர்வையில் நனைந்தது, வேறு வேறு இழைகள் நுழைத்துத் தைத்த தையல்கள் நிறைந்தது. அந்தக் கந்தலை முழுவதுமாக நீக்கிவிட்டு, பாம்பின் உரியைப் போன்ற நுண்ணிய ஆடையை மன்னன் கொடுக்கிறான். வியர்வை, மாற்றுத் துணியின்மை, தையல் மடிப்பு, பேன், ஈர் என்று ஒரு பூச்சியியலாளர் சீலைப்பேனின் வாழிடமாகக் குறித்துக்கொள்ளக்கூடிய எல்லாம் சில அடிகளில் அங்கே இருக்கின்றன. கொடையின் சிறப்பைச் சொல்லவே புலவர் பாடினார் என்றாலும், சீலைப்பேனுக்கு இன்றும் அதைவிடச் சிறந்த மருத்துவம் இல்லை. ஈர் துணியில் இருப்பதால், துணியை நீக்கினால் முட்டை, குஞ்சு, பேன் மூன்றும் ஒருசேர நீங்கிவிடுகின்றன. நீக்கிய துணியை 54 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் அவை மடியும். துவைக்க முடியாததை இரண்டு வாரம் பையில் கட்டி வைத்தாலும் போதும். செர்பியாவுக்குப் போன பிரிட்டிஷ் மருத்துவக் குழு, கொதிக்கும் நீரின் மேல் பீப்பாயை வைத்து, அதற்குள் துணிகளை ஆவியில் வேகவைத்துத்தான் பேனை ஒழித்தது.

நஞ்சு வந்தது அதன் பிறகு. 1939-இல் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1943-44 குளிர்காலத்தில், போரால் சிதைந்த நேப்பிள்ஸ் நகரில் டைபஸ் பரவியபோது, மக்களின் ஆடையைக் கழற்றாமலே கழுத்துப் பட்டி வழியாகவும் சட்டைக் கை வழியாகவும் பூச்சிக்கொல்லித் தூளைக் கைக்கருவியால் ஊதினார்கள். சில வாரங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் தூள் தூவப்பட்டது. கடுங்குளிரின் நடுவிலேயே கொள்ளைநோய் அடங்கியது. அது உண்மையிலேயே பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் 1950-51 குளிர்காலத்தில், கொரியப் போர்க்களத்தில் டி.டி.டி. தூளுக்குச் சாகாத சீலைப்பேன்கள் தென்பட்டன. பத்தாண்டு கூட அந்த நஞ்சின் வீரியம் முழுதாக நீடிக்கவில்லை. வெந்நீருக்கும் மாற்றுத் துணிக்கும் எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பேன் இதுவரை பிறக்கவில்லை.

சீலைப்பேன் இறந்தகாலத்துச் சங்கதி என்று எண்ணிவிடக் கூடாது. 1990-களில் உள்நாட்டுப் போரின்போது புருண்டியின் முகாம்களிலும் சிறைகளிலும் டைபஸ் பல்லாயிரம் பேரைத் தாக்கியது. அதே காலத்தில் பிரான்சின் மார்சேய், அமெரிக்காவின் சியாட்டில் போன்ற செல்வந்த நகரங்களின் தெருவோரவாசிகளிடம் பதுங்குகுழிக் காய்ச்சலின் கிருமி மறுபடி காணப்பட்டது. டைபஸுக்கு இப்போது டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. ஆயினும் துணி மாறாமல் காய்ச்சலை மட்டும் தணித்து அனுப்பினால், நோயாளி திரும்பிப் போவது அதே தையல் மடிப்புகளுக்குள்தான்.

இப்போது நம் வீடுகளில் உள்ள பேனுக்கு வருகிறேன். தலைமுடியைத் துணிபோல் கழற்றிப் போட முடியாது. மொட்டையடித்தால் தீரும் என்பது உண்மைதான். பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளையிடம் அதைச் செய்வது தேவையற்ற கொடுமை. ஆகவே ஈரை அதன் நாள்கணக்கை வைத்துத்தான் வெல்ல வேண்டியிருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் பேன் மருந்துகளில் பரவலானது பெர்மெத்ரின். அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. இளம் முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு நரம்பு மண்டலமே இன்னும் உருவாகியிருக்காது. உருவான பின்னும் முட்டையின் ஓடு அதைக் காக்கிறது. எனவே ஒருமுறை தேய்த்துக் குளித்தால் பேன்கள் சாகலாம், ஈர்களில் பல பிழைக்கும். பத்து நாளில் எல்லாம் பொரித்து, "மருந்து போட்டும் போகலையே" என்ற புலம்பல் தொடங்கும். இரண்டாம் முறை ஏறத்தாழ ஒன்பதாம் நாள் போட வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். எஞ்சிய முட்டைகளில் பெரும்பாலானவை அதற்குள் பொரித்திருக்கும், பொரித்த குஞ்சுகள் இன்னும் முட்டையிடும் வயதை எட்டியிருக்காது. அந்த இடைவெளிக்குள் அடிக்க வேண்டும். அட்டையில் அச்சிட்டிருக்கும் இந்த ஒரு வரியைத்தான் பெரும்பாலோர் படிப்பதில்லை.

இதிலும் எதிர்ப்பு வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் சேகரித்த தலைப்பேன்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், பெர்மெத்ரினைத் தாங்க உதவும் மரபணு மாற்றங்கள் சராசரியாக 98 விழுக்காட்டுக்கு மேல் காணப்பட்டன. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அதையே இன்னும் அதிகமாகவும், இன்னும் நீண்ட நேரமும் தேய்ப்பது குழந்தையின் தோலைத்தான் கெடுக்கும். மருத்துவரிடம் காட்டினால் ஐவர்மெக்டின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. டைமெத்திகோன் என்ற சிலிகோன் எண்ணெய் நரம்பைத் தாக்காமல் வேறு வழியில் கொல்கிறது. இரத்தம் குடித்த பேன் தேவைக்கு மிஞ்சிய நீரைச் சுவாசத் துளைகளின் வழியாக ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். அந்தத் துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் குடலில் நீர் தங்கி அது மடிகிறது. நஞ்சுக்கு வளர்ந்ததுபோல் இதற்கு எதிர்ப்பு வளர்வது கடினம்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுத வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் நிறையத் தேய்த்தால் பேன் மந்தமாகும், சீப்பு வழுக்கிச் செல்லும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம், ஈரை அது ஒன்றும் செய்யாது. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த விதைக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உண்டுதான். ஆனால் தலை கழுவும்போது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். கண் மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தையின் தலைக்கு அது வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், எறும்புச் சாக்கட்டி, வயலுக்கு அடிக்கும் மருந்து ஆகியவற்றைத் தலையில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேன் கொல்லாத குழந்தையை இவை கொல்லக்கூடும்.

பேன் சீப்பு ஈர், குஞ்சு, பேன் என்று மூன்றின்மீதும் வேலை செய்கிறது, அதற்கு எதிராக எந்த மரபணு மாற்றமும் உதவாது. இஸ்ரேலின் லாகீஷ் என்ற தொல்லியல் களத்தில் 2016-இல் கிடைத்த தந்தச் சீப்பு ஒன்றில், தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது களையட்டும் என்று கானானிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை 2022-இல் வெளியிட்டார்கள். கிறிஸ்துவுக்கு முன் 1700-ஐ ஒட்டிய காலம் அது. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் முறை பெரிதாக மாறவில்லை. முடியை நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ தடவிச் சிக்கெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, பல் நெருங்கிய உலோகச் சீப்பை மண்டைத் தோலில் பதியவைத்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதின் பின்புறமும் பிடரியும் முக்கியம். முதலில் அங்கேதான் தேட வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு இதைச் செய்தால், பொரிக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் முட்டையிடும் முன்னே அகப்பட்டுவிடும். வீட்டில் எல்லோர் தலையையும் அதே நாளில் பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்த பாட்டிமார் இந்தக் கணக்கு தெரியாமலே அதைச் சரியாகச் செய்தார்கள், ஏனென்றால் அவர்கள் ஒருநாளோடு நிறுத்தவில்லை.

அரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரிப்பு வருவது பேனின் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையால். முதன்முறை பேன் பற்றியவருக்கு அந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். எனவே குழந்தை சொறியத் தொடங்கும்போது பேன் வந்து பல நாளாகியிருக்கும். இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று குற்றவாளியைத் தேடுவதில் பொருள் இல்லை. சொறிந்த இடம் சீழ்பிடித்து, பிடரியில் நெறிகட்டிக் காய்ச்சலும் வந்தால், பேனை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியை அவள் படித்த பள்ளியில், தலையில் ஈர் இருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தி, பெற்றோரை வரவழைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தலையை நான் பார்த்தேன். ஈர்கள் மண்டைத் தோலிலிருந்து விரற்கடை தள்ளி, வெள்ளை வெளேரென்று இருந்தன. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அவ்வளவு தள்ளி இருப்பவை பொரித்து முடிந்த வெற்று ஓடுகள். உயிருள்ள ஈர் பழுப்பேறி, தோலை ஒட்டியே இருக்கும். அவள் தலையில் சீப்புக்கு ஒரு பேன் கூட அகப்படவில்லை. எப்போதோ தீர்ந்துபோன ஒன்றுக்காக அந்தக் குழந்தை வகுப்பறை முழுவதன் முன்னிலையிலும் தண்டிக்கப்பட்டிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதால் குடும்பங்கள் பேனை மறைக்கத்தான் கற்றுக்கொள்கின்றன. மறைக்கப்பட்ட பேன் இன்னும் பல தலைகளுக்குப் போகிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், ஈர் இருப்பதற்காக எந்த மாணவரையும் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

பள்ளிகள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. பேன் தென்பட்ட வகுப்பில் யார் பெயரையும் குறிப்பிடாமல், எல்லாப் பெற்றோருக்கும் ஒரே செய்தியை ஒரே நாளில் அனுப்பலாம்: இந்த வார இறுதியில் வீட்டில் அனைவர் தலையையும் சீவிப் பாருங்கள், உயிருள்ள பேன் இருந்தால் மட்டும் மருந்து போடுங்கள், முதல் முறை போட்ட தேதியோடு ஒன்பதாம் நாளையும் நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று மறுபடி போடுங்கள். முப்பது வீடுகளில் ஒரே வாரம் இது நடந்தால், அந்த வகுப்பில் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பேன் போய்வந்துகொண்டிருப்பது பெருமளவு நின்றுவிடும்.